ஆசானை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது, தப்பா மேடம்?

கேள்வி (சுருக்கம்):

மேடம், எனக்கு வயது 46. கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 22 வருடம் ஒரே ஆசானிடம் சிலம்பமும் அடிமுறையும் படித்தேன். முதல் பத்து வருடம் அவர் ஆசான், நான் சிஷ்யன். அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, நண்பர்கள் ஆகிவிட்டோம். எட்டு மாதம் முன்னால் 71 வயதில் போய்விட்டார், கிட்னி பிரச்சினை. முதலாண்டு நினைவு நாளுக்கு நான்தான் பேச வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் வருவதெல்லாம் சிரிப்புக் கதை. அவர் மகன் ஷார்ஜாவில் இருந்து போன் பண்ணி, "அப்பாவ கோமாளி ஆக்கிராதீங்கண்ணே" என்றான். இன்னொரு விஷயம். இறந்த வீட்டிலேயே நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்றைக்கும் அழவில்லை, இன்றைக்கு வரைக்கும் ஒரு சொட்டு அழவில்லை. யூடியூபில் ஒருவர் இதை 'மறுப்பு நிலை' என்கிறார். எனக்கு மனசே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. கம்பைத் தொட்டும் எட்டு மாதம் ஆகிறது, அது இருக்கட்டும். ஆசானுடைய நெடுங்கம்பு இப்போது என் கடையில் பிவிசி பைப்புகளோடு நிற்கிறது, போன வாரம் ஒரு ஆள் அதற்கு விலை கேட்டார். நான் என்ன பேசட்டும்?

பதில்:

சகோதரருக்கு வணக்கம்.

கடிதம் இரண்டு பக்கம், அதோடு நீங்கள் அனுப்பிய 'பேச்சுக்குக் குறிப்பு' பதினொரு பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க எடுத்தேன். ஆசானின் சாரத்தில், அதாவது கைலியில், தீப்பிடித்த இடம் வந்தபோது ரசம் புரையேறி, பக்கத்து அறை டாக்டர் ஓடி வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். அதனால் உங்கள் ஆசானிடம் அடி வாங்கியவர்கள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்ட கேள்விக்குப் பதில் முதலில். தப்பில்லை. மனசு இல்லாதவர் பதினொரு பக்கம் எழுத மாட்டார்.

அந்த யூடியூப் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதினார். அவர் உட்கார்ந்து பேசியது சாகப்போகிற நோயாளிகளோடு. தன் சாவு தெரிந்துவிட்ட ஒருவருக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவர் பார்த்தது. பறிகொடுத்துவிட்டு மிஞ்சி நிற்கிறவர்களுக்கும் அதையே பின்னால் பொருத்தினார்கள், அதுவும் நாகர்கோவில் பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றுதான் போகும் என்பதுபோல. அப்படியெல்லாம் யாரும் வரிசையில் போவதில்லை. அதோடு, மறுப்பில் இருக்கிறவர் குளிர்பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கமாட்டார். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெட்டி, பந்தல், தேங்காய், ஆம்புலன்ஸ்காரருக்கு டீக்காசு வரை எல்லாம் உங்கள் கையால்தான் போயிருக்கிறது. அவர் செத்துப்போனது அந்த ஊரிலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சரி, அந்தச் சிரிப்பு. படிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆசானைப் பெட்டியில் கிடத்திய பிறகு, அவருடைய ஆசான் அவருக்குக் கொடுத்த நெடுங்கம்பை உடம்போடு வைக்க வேண்டும் என்று மூத்த சிஷ்யர் ஒருவர் பிடிவாதமாகச் சொல்கிறார். கம்பு ஏழடிக்கு மேல். நேராக வைத்தால் போகவில்லை, சாய்த்து வைத்தால் கண்ணாடி மூடி மூடவில்லை. சிலம்பம் படித்த நாலு பேர், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, தலைமாட்டில் ஒருவர் "இறக்கு" என்கிறார், கால்மாட்டில் ஒருவர் "ஏத்து" என்கிறார், பெட்டிக்காரப் பையன் "அண்ணாச்சி கூலிங் போயிரும், கூலிங் போயிரும்" என்று அழாத குறை. அப்போது பின்னாலிருந்து யாரோ, "ஆசானுக்கு அளவு தப்புனா பிடிக்காதுலே" என்று சொல்ல, நீங்கள் வெடித்துவிட்டீர்கள். உங்களோடு இன்னும் மூன்று பேர். வாசலில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நானும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பேன். உயரம் பார்த்து, நெற்றிக்கு நேராகக் கம்பு வைத்து, அரை விரல் கூடினாலும் அறுத்துக்கொடுத்த மனுஷன் அவர் என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே. அந்த ஆளுக்குக் கடைசியில் வந்த பெட்டி அளவு சரியில்லை. இதில் சிரிப்பு வராமல் இருக்க வேண்டுமானால் அவரைத் தெரியாமல் இருக்க வேண்டும். வாசலில் இருந்தவர்களுக்குத் தெரியாது, திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். டேக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்டது. கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் போல ஆனவர்களை உட்காரவைத்து, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, முகத்தைப் படம் பிடித்தார்கள். மரியாதைக்கு உதடு விரிப்பது வேறு, கண்ணோரத் தசையும் சேர்ந்து சுருங்குகிற நிஜச் சிரிப்பு வேறு, அதைப் பிரித்துப் பார்க்க முறை இருக்கிறது. பேசும்போது நிஜமாகச் சிரித்தவர்களிடம் கோபமும் மன வேதனையும் குறைவாக இருந்தன. அந்தப் படத்தை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டியபோது அவர்களுக்கும் சிரித்தவர்கள் மேல்தான் நல்ல எண்ணம் வந்தது. சிரித்ததால் வேதனை குறைந்ததா, குறைந்ததால் சிரிக்க முடிந்ததா என்று கேட்டால், அந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சிரித்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

அழாதது பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அழுகை எல்லாருக்கும் பதினாறாம் நாளுக்குள் வந்து தீர வேண்டிய பில் கிடையாது. சிலருக்குப் பிறகு வரும், ரேஷன் கடை வரிசையில் வரும், வண்டி ஓட்டும்போது வரும், சிலருக்கு வராமலே போகும், அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தூக்கம் கெடுவது, கடையைத் திறக்கவே பிடிக்காமல் போவது, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுவது, ஒரு வருடம் ஆன பிறகும் நாள் முழுக்க அவர் நினைப்பிலேயே சிக்கிக் கிடப்பது, இதெல்லாம் இருந்தால் நேரில் வாருங்கள், அல்லது பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் மறைத்திருந்தால் அது வேறு.

இனி பேச்சு.

நான் செய்த ஒரு சொதப்பலைச் சொல்கிறேன். எனக்குப் பாடம் சொல்லித்தந்த பேராசிரியர் ஒருவர் இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். 'அன்னார்' என்று ஆரம்பித்தேன். 'ஆலமரம் சாய்ந்தது', 'ஈடு செய்ய முடியாத இழப்பு', 'அவர் விட்டுச்சென்ற பணியை', இப்படியே ஆறு நிமிடம். இறங்கி வந்தபோது அவர் மனைவி என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லாப் பேசினேம்மா, யாரைப் பத்திப் பேசினே?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் அந்தக் கேள்வி பதினாலு வருடமாக என் கூடவே இருக்கிறது. அந்த மனுஷர் வகுப்புக்குள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார், சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பேனாவால் கரும்பலகையில் எழுதப் போவார், பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் வாசலில் வந்து நின்று "எவளாவது அழறீங்களா?" என்று கேட்பார். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. மரியாதைக் குறைவாகிவிடுமாம்.

உங்கள் மூத்த சிஷ்யர் எழுதிக்கொடுத்த 'இமயம் சரிந்தது' பேச்சை நீங்கள் ஏன் படிக்க முடியாமல் வைத்துவிட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆசானை ஐந்தடி மூன்று அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். இமயத்துக்கு நெற்றி அளவு எடுத்துக் கம்பு வெட்டவும் முடியாது.

இரங்கல் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நம் பழைய ஆட்களிடம் அது இல்லை. புறநானூற்றில் 235ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சி வேல் பட்டு இறந்துபோகிறான், ஔவையார் அவனுக்காக அழுகிறார். ஒரு போர்வீரன், ஒரு தோழன், இரண்டும் ஒரே ஆள். பெரிய வார்த்தைகள் எல்லாம் காத்திருக்க, அவர் எதில் ஆரம்பிக்கிறார் தெரியுமா? கள்ளில். கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்கிறார். அப்புறம் சோறு. எலும்பும் கறியும் கிடக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் பாய்கிற இடமெல்லாம் அவன் நிற்பான். அப்புறம், நரந்தம் மணக்கிற தன் கையால், புலால் நாறுகிற என் தலையைத் தடவிக்கொடுப்பான். என் தலை நாறும் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறார், கவனியுங்கள். இதெல்லாம் ஆன பிறகுதான் அவன் மார்பில் பாய்ந்த வேல் வருகிறது, அது பாணர்களின் பாத்திரத்தையும் துளைத்துக்கொண்டு போனது என்கிறார். கள்ளையும் கறியையும் முதலில் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வேல் நம்மேல் பாயாது. இதே ஔவையார் அவன் உயிரோடு இருந்தபோது தொண்டைமானிடம் தூது போய், உங்கள் ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது, எங்கள் ஆளுடையது எப்போது பார்த்தாலும் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று குத்தலாகச் சொன்னவர். அது 95ஆம் பாட்டு. கிண்டலும் ஒப்பாரியும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கிறது, ஒரே ஆளுக்காக.

ஆகவே சிரிப்புக் கதை சொல்லுங்கள். ஆனால் பதினொரு பக்கத்தையும் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் சொல்லவும் கூடாது. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், ஆசானை நேரில் அறிந்தவர் நீங்கள், கடைசி முடிவு உங்களுடையது.

தீப்பிடித்த கதை கட்டாயம் வேண்டும். கம்பில் நெளிவு எடுக்கத் தீயில் வாட்டிக்கொண்டே அவர் கவனத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார், "கண்ணு கம்பு முனையில, ஆனா சுத்துவட்டாரத்துல என்ன நடக்குன்னு முழுசும் தெரியணும்", அந்த நேரத்தில் அவர் சாரத்தின் கரை புகைய ஆரம்பிக்கிறது, ஒரு சின்னப் பையன் கையைத் தூக்குகிறான், "பாடம் நடக்கும்போது இடையில பேசாதல". பையன் கையை இறக்கிவிட்டான். அந்தப் பையன் இப்போது போலீஸில் இருக்கிறான் என்கிறீர்கள், நினைவு நாளுக்கு வருவான் என்றால் முன்வரிசையில் உட்காரவையுங்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் கடைசி. தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு அவர் ஒரு நிமிடம் யோசித்து, "இதுதான் நான் சொல்ல வந்தது" என்றாராமே. அங்கே நிறுத்திவிடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.

நாய்க் கதையும் நல்ல கதை. நாலு பேர் கம்போடு சுற்றி நின்றாலும் அசராதவர், பக்கத்து வீட்டுக் குட்டை நாய்க்குப் பயந்து கோயிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கேட்டால், "மனுசன்னா எந்தக் கால எடுத்து வைப்பான்னு பாத்துரலாம். அதுக்கு நாலு காலுல்லா இருக்கு." சுவடு, அதாவது காலடி வைப்பு, பார்த்துச் சண்டை படித்தவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில் அது. சிலம்பம் தெரியாதவனும் சிரிப்பான், தெரிந்தவன் இரண்டு தரம் சிரிப்பான்.

2021இல் தமிழக அரசு விளையாட்டு வீரர்களுக்கான மூன்று சதவீத வேலை ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்த பிறகு உங்கள் களரி (பயிற்சிக் களம்) வாசலில் நின்ற பைக்குகளின் எண்ணிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதையும் விடாதீர்கள். ஒரு அப்பா வந்து எத்தனை மாதத்தில் சர்டிபிகேட் கிடைக்கும் என்று கேட்டதற்கு, "கம்பு நேரா நிக்க ஆறு மாசம், பையன் நேரா நிக்க ஆறு வருசம். பேப்பர் மட்டும்னா எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை இருக்கு." அந்த அப்பாவும் கூட்டத்தில் இருப்பார். பேர் சொல்லாமல் சொல்லுங்கள். போட்டியில் தொடுமுறை என்று வைத்திருக்கிறார்களே, முனை பட்டால் புள்ளி, எலும்பை முறிக்கிற வேலை அங்கே கிடையாது. மேடையிலும் அந்த அளவு போதும். (என் தம்பி மதுரையில் சிலம்பம் படித்தவன், எங்கள் வீட்டில் மூன்று ட்யூப்லைட் போன பிறகு எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.)

கல்யாண வீட்டில் அவர் குடித்துவிட்டு வாழைக்குலை தொங்கிய கம்பை உருவிச் சுற்றிய கதையை எடுத்துவிடுங்கள். எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன். ஆனால் அந்த ராத்திரி அவரைத் தாங்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டீர்கள் என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள், விட்ட பிறகு கதவைத் திறந்தவர் யார்? அவர் மனைவி, அந்த அக்காவுக்கு அந்தக் கதை உங்கள் கதை முடிந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்கும். ஔவையார் கள்ளைப் பாடினாரே என்று என்னிடம் கேட்காதீர்கள். அவர் கூட உட்கார்ந்து குடித்தவர், வீட்டில் விளக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தவர் இல்லை.

டயாலிசிஸ் வார்டில் நடந்தவற்றில் கைத்தடிக் கதை மட்டும் போதும். நடக்கப் பழக்குவதற்கு ஊன்றுகோல் கொண்டுவந்து கொடுத்தபோது, எழுந்து நின்று, நெற்றிக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல யாரம்மா அடிக்கியது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் பாருங்கள், அது. மற்றதெல்லாம் உடம்பு விட்டுப்போன ஒரு மனிதரின் அவஸ்தை, அதை அவர் உங்களிடம் சிரித்துச் சொல்லியிருக்கலாம், உங்களிடம் மட்டும் சொன்னது அது.

வைத்தது எது, எடுத்தது எது என்று பார்த்தால் ஒன்று தெரியும். நான் வைத்துக்கொள்ளச் சொன்னவற்றில் கடைசி அடி அவருடையது. சிரிப்பு அவரைச் சுற்றி வந்தாலும் அவர் கையில்தான் கம்பு இருக்கிறது. எடுக்கச் சொன்னவற்றில் அவர் கையில் ஒன்றும் இல்லை. அவர் மகன் பயப்படுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை, கடைசி நேரத்தில் விமானம் கிடைக்காமல் மறுநாள் வந்து சேர்ந்தவன், அப்பாவை உங்கள் அளவுக்கு அவனுக்குத் தெரியாது, அது அவனுக்கே தெரியும், அது ஒரு தனி வலி. கோமாளி ஆக்கிவிடாதீர்கள் என்று சொல்லும்போது, எனக்குக் கிடைக்காத அப்பாவை நீங்கள் எல்லார் முன்னாலும் எடுத்து விளையாடாதீர்கள் என்று அர்த்தம் இருக்கலாம். போனில் வாக்குவாதம் செய்யாதீர்கள். பேச்சை எழுதி முடித்ததும் முதலில் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள், அப்புறம் அவனுக்கு வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள், எழுத்தாக வேண்டாம், சிரிப்பு எழுத்தில் குளிர்ந்துபோகும். கூடவே அவனிடம் ஒரு கதை கேளுங்கள். அவன் ஆறு வயதில் அப்பா எப்படி இருந்தார் என்று உங்களுக்கும் தெரியாது இல்லையா. அவன் சொல்வதையும் அவன் பேர் சொல்லிப் பேச்சில் சேருங்கள்.

இப்போது அந்தத் தொண்ணூறு.

எட்டாம் பக்கத்தில் ஓரமாக எழுதி, இது தேவையா என்று கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். வர்மப் புள்ளி, அதாவது அடி பட்டால் ஆபத்தான உடம்பு இடங்கள், மொத்தம் 108, படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எல்லாவற்றையும் எப்போது சொல்லித்தருவீர்கள் என்று நீங்கள் வருடா வருடம் கேட்க, பன்னிரண்டு வருடம் கூட இரு, சொல்கிறேன் என்று அவரும் வருடா வருடம் சொல்லியிருக்கிறார். நீங்களும் விடாக்கண்டர், தேதியைக் கணக்குப் பண்ணி, பன்னிரண்டாம் வருடம் முடிந்த அன்று காலையில் குளித்து, வேட்டி, வெற்றிலை பாக்கு, தட்சிணையோடு போய் நின்றிருக்கிறீர்கள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். காதுக்குள், "எனக்கே தொண்ணூறுதான் தெரியும் மக்கா" என்றார். நீங்கள் சிரித்தீர்கள், அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மிச்சம் பதினெட்டையும் எங்க ஆசான் சொல்லதுக்கு முன்னாடியே போய்ட்டாரு" என்றார்.

இதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேள்விக்குறி போட்டதற்குக் காரணம் இது சிரிப்புக் கதையா இல்லையா என்று உங்களுக்கே பிடிபடவில்லை. சொல்லும்போது குரல் நிற்கும் என்று நினைக்கிறேன். நின்றால் நிற்கட்டும், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள், தொடர முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள், அங்கே இருக்கிற யாருக்கும் அதற்குமேல் தேவைப்படாது. மொத்தம் எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். வெயில் நேரத்தில் வைத்தால் இன்னும் குறையுங்கள், பின்னால் சாப்பாடு இருக்கும்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். கேட்காத ஒன்று இருக்கிறது.

சிரித்ததைப் பற்றி ஒரு பக்கம், அழாததைப் பற்றி அரைப் பக்கம். கம்பைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது என்பது ஒரே வரி, அதன் பின்னால் 'அது இருக்கட்டும்'. என் தொழிலில் 'அது இருக்கட்டும்' என்று யாராவது சொன்னால் பேனாவை எடுத்துக்கொள்வோம். 22 வருடம், மழைக்காலம் தவிர எல்லா நாளும் எடுத்த கம்பு. உங்களை விட்டுப் போனது ஆசான் மட்டும் இல்லை, உங்கள் காலை ஐந்து மணியும் போயிருக்கிறது. துக்கத்தைப் பற்றி ஸ்ட்ரோபே, ஷூட் என்று இருவர் 1999இல் எழுதினார்கள். இழந்ததற்குள் போவதும், வெளியே வந்து அன்றாட வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நடக்க வேண்டும், ஒன்றிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல் என்பது அதன் சாரம். முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி. உங்கள் ஆசானிடம் சொல்லியிருந்தால் இதற்கு எதற்கு வெள்ளைக்காரன் என்று கேட்டிருப்பார்.

களரிக்கு வேண்டாம், அங்கே போனால் அவர் உட்காரும் கல் இருக்கும். உங்கள் மொட்டை மாடியில், யாரும் எழுவதற்கு முன்னால், சலாம் வரிசை (ஆரம்ப வணக்க அடிகள்) மட்டும் பத்து நிமிடம். சுற்ற வேண்டாம். உங்கள் சொந்தக் கம்பு போதும். இரண்டு வாரம் அதை மட்டும் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கை மறக்கவில்லை என்று தெரியும்போது வேறு ஏதாவதும் வரலாம், வந்தால் மாடியில் வைத்தே முடித்துக்கொள்ளுங்கள், துவைத்த துணி காய்கிற இடம்தானே.

அப்புறம் ஒன்று. பெட்டிக்குள் போகாத அந்த நெடுங்கம்பை, பிவிசி பைப்புகளுக்கு நடுவில், ஒரு ஆள் எடுத்துப் பார்த்து விலை கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் அவரிடம் என்ன விலை சொன்னீர்கள்?